ராமநாதபுரம் சாலை டர்ஃப்: வாடகைக்கு எடுக்கலாம், குடிபோக வேண்டாம்

ஏர்வாடிப் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் கால்பந்து டீமுக்கும் பத்து வருடமாக நான்தான் பொருளாளர். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் டர்ஃபில், அதாவது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானத்தில், ஐந்து மாதம் ஆடிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தரை அருமை. எங்கள் கடற்கரைத் திடலில் பந்து மணலில் புதைந்து நின்றுவிடும், சீமைக்கருவேல முள் குத்தி மாதம் ஒரு பந்தாவது பஞ்சராகும். இங்கே பாஸ் கொடுத்தால் கொடுத்த இடத்துக்கே போகிறது. மணலில் ஆடிய பழக்கத்தில் எங்கள் பையன்கள் முதல் இரண்டு வாரம் எல்லாப் பந்தையும் ஓங்கி அடித்துப் பக்கத்து வலையிலேயே முட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது காலில் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து அடிக்கிறார்கள். அதற்காகவே இந்த இடத்துக்கு நன்றி சொல்வேன். விளக்கு வெளிச்சமும் நன்றாக இருக்கிறது. கழிப்பறை சுத்தம்.

மதியம் 3 மணிக்கு மட்டும் போகாதீர்கள். செயற்கைப் புல்லும் கறுப்பு ரப்பர் துகளும் வெயிலில் கொதிக்கும். வெறுங்காலில் இறங்கிய ஒரு பையனுக்கு உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. இன்னொரு குறை: மழையில் ஆட்டம் நின்ற அன்று கட்டிய 500 ரூபாய் முன்பணத்தை அடுத்த தடவை கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள், கழிக்கவில்லை.

சரி, செலவுக்கு வருகிறேன். இரவில் மணிக்கு 1,000 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு 2,000. குட்டி யானை வண்டிக்குப் போக வர 1,200. டீ, தண்ணீர் எல்லாம் சேர்த்து 580. ஆக 3,780. 14 பேர் பிரித்தால் தலைக்கு 270. கடலுக்குப் போகிற பையனுக்கு வாரம் ஒரு தடவை என்றால் தாங்கும், அதற்கு மேல் கஷ்டம்.

செலவு எங்களுக்குத் தாங்கவில்லை என்பதைப் பார்த்துத்தான் டர்ஃப் முதலாளி ஒருநாள் கூப்பிட்டுப் பேசினார். "தம்பி, டீம் பேரோட டவுன் பேரையும் சேத்துக்கங்க. மேட்ச் எல்லாத்தையும் இங்கயே வைங்க. வாடகையில பாதி குறைச்சுக்கிறேன்." நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பையன்கள் பாதிப் பேர் அங்கேயே தலையாட்டிவிட்டார்கள். நான் ஒரு வாரம் டைம் கேட்டேன்.

அந்த வாரம் முழுக்க, பெரிய டீம்கள் ஊர் மாறினால் யாருக்கு லாபம் என்று தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்கக் கால்பந்து லீகில் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்) ராம்ஸ் என்று ஒரு டீம். 1995இல் லாஸ் ஏஞ்சலஸை விட்டு செயின்ட் லூயிஸ் வந்தது. அந்த ஊர் மக்கள் பணத்தில் மைதானம் கட்டிக் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கும்போது மைதானம் லீகின் முதல் கால்பங்கு மைதானங்களுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் டீம் கிளம்பலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் கதவைத் திறந்துவிட்டது. 2016இல் டீம் லாஸ் ஏஞ்சலஸுக்கே திரும்பிவிட்டது.

அந்த லீகில் டிவி பணத்தை 32 டீமும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சின்ன ஊரில் இருந்தாலும் அந்தப் பங்கு குறையாது. அப்புறம் ஏன் போக வேண்டும்? பணக்காரர்கள் உட்காரும் சொகுசு அறைகளின் வாடகையும் மைதான விளம்பரமும் பெரும்பாலும் அந்த டீம் முதலாளிக்கே சேரும், பெரிய ஊரில் அதற்கு விலை அதிகம். இடம் மாற லீகுக்கு 55 கோடி டாலர் கட்டணம். ஆனால் ஃபோர்ப்ஸ் கணக்குப்படி டீமின் மதிப்பு 2015இல் 145 கோடி டாலராக இருந்தது, 2016இல் 290 கோடி. ஊர் மாறியதற்கே மதிப்பு இரண்டு மடங்கு. செயின்ட் லூயிஸ் தரப்பு வழக்குப் போட்டு 2021இல் 79 கோடி டாலர் வாங்கியது. பணம் வந்தது, டீம் வரவில்லை.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் எங்களுக்கு சீசன். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், பக்கத்து ஊர் டீம்கள் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) ஆட வரும், ஊரே திடலைச் சுற்றி நிற்கும். இடைவேளையில் பிளாஸ்டிக் வாளியோடு நான் ஒரு சுற்று வந்தால் 5,000, 6,000 ரூபாய் விழும். வருடம் முழுக்க பந்து, ஜெர்சி, அடிபட்டவனுக்கு மருந்து எல்லாம் அந்த வாளியிலிருந்துதான். இந்தத் தடைக்காலத்தில் இரண்டு ஆட்டத்தை டர்ஃபில் வைத்துப் பார்த்தோம். முதல் ஆட்டத்துக்கு ஊரிலிருந்து வந்தவர்கள் 11 பேர், வாளியில் 340 ரூபாய். இரண்டாவதற்கு வாளியையே எடுத்துப் போகவில்லை. பாதி வாடகையில் மிச்சமாவது 1,000 ரூபாய், ஒரு ஆட்டத்துக்கு விட்டுப்போவது 5,000. டீம் பெயரால் டர்ஃபுக்கு விளம்பரப் பலகை வரும், காலியாகக் கிடக்கும் நேரமெல்லாம் நிரம்பும். அந்த வரவு எங்கள் நோட்டில் ஏறாது.

டீம் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டினேன். கூடவே லண்டன் விம்பிள்டன் கால்பந்து கிளப் கதையையும் சொன்னேன். 2003இல் அந்த கிளப்பை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்சுக்குக் கொண்டுபோனார்கள். ரசிகர்களோ அதற்கு முந்தைய வருடமே, அனுமதி கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும், சொந்தமாக ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கி லீக் அடுக்கில் கீழே ஒன்பதாம் படியிலிருந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். 2011இல் தொழில்முறை லீகுக்கு ஏறினார்கள். 2020 நவம்பரில் தங்கள் பழைய இடமான ப்ளவ் லேனில் புது மைதானம் கட்டித் திரும்பினார்கள். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பையன்கள் யாரும் பேசவில்லை. வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியம்மா மட்டும், "நீங்க டவுன்ல ஆடுனா நாங்க இங்க யாருக்குய்யா கத்துறது?" என்றார்.

முதலாளியிடம் போய் மரியாதையாக மறுத்துவிட்டோம். இப்போது செவ்வாய்க்கிழமை இரவு மட்டும் அங்கே பயிற்சி, ஆட்டமெல்லாம் ஊர்த் திடலில். டர்ஃபுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. போவதென்றால் இரவு 9 மணி ஸ்லாட்டைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் சூடு தணிந்திருக்கும். முன்பணம் கட்டும்போது மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.