மூன்று பியானோ, மூன்று முதல் அல்பம்: வனெஸா கார்ல்டனுக்கு இன்னொரு தடவை காது கொடுப்போம்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பியானோ படிக்கிறவர்களும் படிப்பிக்கிறவர்களும் ஒன்றுகூடினால் இந்தக் கதை எப்படியும் வந்துவிடும். அமெரிக்கப் பாடகி அலிஷா கீஸின் முதல் அல்பம் ‘சோங்ஸ் இன் ஏ மைனர்’ 2001 ஜூனில் வந்தது. நோரா ஜோன்ஸின் ‘கம் அவே வித் மீ’ 2002 பெப்ரவரியில். வனெஸா கார்ல்டனின் ‘பி நொட் நோபடி’ அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில். ஒரு வருடத்துக்குள் மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் அப்போது இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட வயது. மூன்று பேரும் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்துதான் பாடினார்கள்.

கேட்டவர்களின் தீர்ப்பு அன்றைக்கும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நோரா காலத்துக்கும் நிற்பார், அலிஷா பிறவிக் கெட்டிக்காரி, வனெஸா ‘எ தௌசண்ட் மைல்ஸ்’ என்ற ஒரே ஒரு பாட்டோடு போனவர். முதல் இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அல்பத்தில் பியானோவுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை கவனித்துக் கேட்டால் வரிசை மாறும் என்பது என் வாதம்.

நோராவிடமிருந்தே தொடங்குவோம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அவர் முதலில் ரவிசங்கரின் மகள், பிறகுதான் பாடகி. “சித்தாரின் சாயல் குரலில் இருக்குது, கேட்டாலே விளங்கும்” என்று பெரியப்பா அடித்துச் சொல்வார். எனக்கு அது கேட்கவில்லை. நோரா அம்மாவோடு டெக்சஸில் வளர்ந்தவர், அங்கேயே பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ படித்தவர். அல்பத்தில் ஹாங்க் வில்லியம்ஸின் பழைய கன்ட்ரி பாட்டு ஒன்று இருக்கிறது. கடைசிப் பாட்டு அந்தக்கால அமெரிக்க இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கலின் மெட்டு, பியானோவும் குரலும் மட்டும். வேர் அந்த மண்ணில்தான் இருக்கிறது. அதைத் தகப்பன் கணக்கில் எழுதினால் அவர் தானாகச் சேர்த்த சொத்தைப் பறிப்பதாகிவிடும்.

‘டோன்ட் நோ வை’ பாட்டின் முதல் மூன்று கோர்ட்ஸை (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) மெதுவாக வாசித்துப் பாருங்கள். பி பிளாட் மேஜர் செவன், பி பிளாட் செவன், பிறகு ஈ பிளாட். உள்ளே ஒரே ஒரு சுரம் மட்டும் ஏ, ஏ பிளாட், ஜி என்று அரைப்படி அரைப்படியாக இறங்கும். மற்றதெல்லாம் பெரிதாக அசையாது. அந்தச் சின்ன இறக்கம்தான் பாட்டின் முழு ஏக்கமும். நோரா அதை அழுத்திக் காட்டுவதில்லை, குரலுக்கு அடியில் சும்மா விட்டுவிடுகிறார். இருபத்திரண்டு வயதில் இந்த அடக்கம் பெரிய விஷயம். 14 பாட்டும் ஒரே காற்றில் ஓடுகின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போக வேண்டும் என்று தோன்றுவதில்லை. உலகம் முழுக்க இரண்டரைக் கோடிக்கு மேல் விற்றதில் ஆச்சரியமே இல்லை.

“தூக்கம் வருது” என்று இளம் பிள்ளைகள் சொல்லும் குறையிலும் நியாயம் உண்டு. வேகம் எங்குமே ஏறாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைப்புப் பாட்டை நோராவே எழுதினார்; ஆனால் அல்பத்தில் பெரும்பகுதி இசைக்குழுவில் இருந்தவர்கள் எழுதியதும் பழைய பாட்டுகளும்தான். ‘டோன்ட் நோ வை’ கூட ஜெஸ்ஸி ஹாரிஸ் எழுதியது. நோராவின் பியானோ தானாக ஒரு பாட்டைப் பெற்றெடுப்பதைவிட, வந்த பாட்டை அழகாக ஏந்திக்கொள்வதுதான் அதிகம்.

அலிஷா விஷயம் வேறு. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, இசைத்துறை அதிபர் கிளைவ் டேவிஸோடு சேர்ந்த பிறகு வந்த அல்பம் இது. பெரும்பாலான பாட்டுகளை எழுதியதும் தயாரித்ததும் அவரேதான். முதல் தடமே பேத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவைத் தொட்டுக்கொண்டு தொடங்கும், உடனே கீழே தாளம் வந்து விழும். பியானோ கிரேட் பரீட்சைக்காக அந்தச் சொனாட்டாவை மாதக்கணக்கில் உருப்போட்ட பிள்ளைகளுக்கு அந்த இடம் தரும் துணிச்சல் கொஞ்சமல்ல. ‘ஃபோலின்’ பாட்டில் இருப்பது ஈ மைனர், பி மைனர் என்று இரண்டே இரண்டு கோர்ட்ஸ்தான். இரண்டை வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் குரலால் சுமக்கிறார். 2002இல் அமெரிக்க இசைத்துறையின் ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன, தகுதியானவைதான். ஆனால் அல்பம் நீளம். 16 தடங்களில் பின்பாதி ஒன்றோடொன்று கலந்துபோகிறது, பல இடங்களில் பியானோ ஒதுங்கித் தாள இயந்திரம் முன்னுக்கு வந்துவிடுகிறது. அலிஷாவின் ரசிகர்கள் இதற்குக் கோபிப்பார்கள். இருந்தாலும் முழுக்கக் கேட்டுவிட்டு நேர்மையாகச் சொல்லட்டும்.

சரி, இனி வனெஸா.

பியானோ ரீச்சரான என் மச்சாள் சொல்வாள், பிள்ளைகள் தாங்களாகவே வந்து “ரீச்சர், இதைச் சொல்லித் தாங்கோ” என்று கேட்கும் ஆங்கிலப் பாட்டு ‘எ தௌசண்ட் மைல்ஸ்’தான் என்று. அந்தப் பிள்ளைகள் பிறக்கும் முன்பே வந்த பாட்டு அது. அவர்கள் கேட்பது பாட்டைக்கூட அல்ல, அதன் தொடக்கத்தை. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பி மேஜர், ஐந்து கறுப்புக் கட்டைகளும் வரும். இசைத்தாளில் பார்த்தால் பயமாக இருக்கும், கை வைத்தால் விரல்கள் தாமாகவே அந்த உயரத்தில் போய்ப் பொருந்தும். வலக்கை ஓடுகிற ஓட்டம் தாளத்தின் அடியில் நேராக விழாமல், சற்று முன்னே முன்னே விழுந்துகொண்டிருக்கும். அந்த அவசரம்தான், எங்கேயோ நடந்து போகிற ஒருத்தியின் வேகமாக நமக்குக் கேட்கிறது. கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து, ஈரப்பதனில் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும் நம்மூர் பழைய பியானோக்களில் அதை வாசிப்பது பெரும் பாடு. உள்ளே மின்குமிழ் எரியவிட்டுக் காயவைத்த மச்சாளின் பியானோவில்கூட ஒரு கட்டை மேலே வராமல் மாட்டிக்கொள்ளும். பிள்ளைகள் விடுவதில்லை, திரும்பத் திரும்ப வாசிப்பார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். நோராவின் பாட்டைக் கிற்றாரில் வாசித்தாலும் அது அதே பாட்டுத்தான். அலிஷாவின் பாட்டைப் பியானோ இல்லாமல் பாடினாலும் நிற்கும். வனெஸாவின் பாட்டில் பியானோவை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. மூன்று பேரில் விரல்களால் யோசித்து எழுதியவர் அவர்தான். தாய் பியானோ ஆசிரியை, இவர் நியூயோர்க்கில் பாலே பள்ளியில் பயின்றவர். கால் பழகிய தாளம் கைக்கு வந்தது போலத்தான் எனக்குக் கேட்கிறது.

அப்படியென்றால் முழு அல்பமும் ஏன் மனதில் நிற்கவில்லை? என் கணிப்பில் முதல் காரணம் தயாரிப்பு. தயாரிப்பாளர் ரொன் ஃபெயர் வயலின் கூட்டத்தைப் பாட்டுக்குப் பாட்டு கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். நல்ல மீன் குழம்பில் தேங்காய்ப்பால் அளவுமீறிப் போனது போல, அடியில் இருக்கிற உறைப்பு நாக்குக்கு எட்டுவதில்லை. ‘எ தௌசண்ட் மைல்ஸ்’ அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டது, ‘ப்ரிட்டி பேபி’ தாங்கவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ரொக் குழுவின் ‘பெயின்ட் இட் பிளாக்’ பாட்டை ஏன் சேர்த்தார்கள் என்றே விளங்கவில்லை. 11 பாட்டு உள்ள அல்பத்தில் ஓர் இடம் வீணாகப் போனது.

குரல் பற்றியும் கேட்டவர்கள் கதைப்பார்கள். மெல்லிசு, மூக்கால் வருகிறது, சின்னப்பிள்ளைக் குரல் என்பார்கள். உண்மைதான், நோராவின் குரலுக்குப் பக்கத்தில் வைத்தால் எடுபடாது. ஆனால் ‘ரின்ஸ்’ பாட்டில் ஒருவனுக்காகத் தன்னையே தேய்த்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றிப் பாடும்போது, அந்த மெல்லிசுக் குரல்தான் பொருந்துகிறது. கனத்த குரலில் பாடியிருந்தால் பொய்யாகப் போயிருக்கும்.

2003 கிராமியில் ஆண்டின் சிறந்த பதிவு, ஆண்டின் சிறந்த பாட்டு என்று இரண்டு இடத்திலும் ‘டோன்ட் நோ வை’யும் ‘எ தௌசண்ட் மைல்ஸ்’உம் நேருக்கு நேர் நின்றன. இரண்டையும் முதலாவதே எடுத்துக்கொண்டது. நோராவுக்கு அன்றிரவு ஐந்து விருது, வனெஸாவுக்கு மூன்று பரிந்துரையோடு சரி. அந்த இரவின் கணக்கு கேட்பவர்களின் மனதில் அப்படியே உறைந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு வனெஸாவின் மற்றப் பத்துப் பாட்டையும் நோராவின் நிதானத்தோடு ஒப்பிட்டே கேட்டார்கள், அவருடைய கை என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

முழு அல்பமாக ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நானும் நோராவைத்தான் எடுப்பேன். அதில் மாற்றமில்லை. இரண்டாம் இடத்தை வனெஸாவுக்குக் கொடுப்பேன், அலிஷாவுக்கு அல்ல. இதைச் சொல்லி மச்சாளின் தம்பியோடு இன்னும் தீராத சண்டை இருக்கிறது. அவன் ‘ஃபோலின்’ பக்கம்.

நம்பாதவர்கள் தெரிந்த பாட்டைத் தாண்டி ‘ஓர்டினரி டே’, ‘ரின்ஸ்’, கடைசியில் வரும் ‘ட்வைலைட்’ மூன்றையும் மட்டும் ஹெட்போன் போட்டுக் கேட்கட்டும். வயலின் வரும் இடங்களிலும் காதைப் பியானோவின் இடக்கை மேலேயே வைத்திருங்கள்.