பயணத்துக்கு மடக்கு கெட்டில்: வாங்கலாமா?

லாட்ஜ் அறையில் எண்ணெயில்லாத காலைச் சாப்பாட்டுக்கு 600 வாட், அரை லிட்டர் மடக்கு கெட்டில் தாராளமாகப் போதும். தண்ணீர் ஐந்தாறு நிமிடத்தில் கொதித்துத் தானே அணைந்துவிடும். முட்டைக்கு அதுவே வசதி: கழுவிய இரண்டு முட்டை மூழ்கத் தண்ணீர் விட்டு, அணைந்தபின் மூடியைத் திறக்காமல் 15 நிமிடம் விடுங்கள். மஞ்சள் கரு பதமாக இறுகியிருக்கும். கெட்டிச் சிவப்பு அவலைக் கழுவி டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றி மூடினால் பத்து நிமிடத்தில் மெத்தென்று ஊறும்.

பாலும் ஓட்ஸும் கெட்டிலுக்குள் வேண்டவே வேண்டாம். பால் பொங்கி வழியும். ஓட்ஸ் அடிப்பிடித்தால் அந்த இடத்தில் சூடு தேங்கி, கொதிக்கும் முன்பே அணைந்துவிடும். கெட்டிலின் சிலிக்கோன் ரப்பர் மடிப்பில் உப்புக்கறை சேரும், எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவினால் போய்விடும்.

ரயிலில் மட்டும் செருகாதீர்கள். அங்குள்ள சார்ஜிங் பாயின்ட் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும்தான்.