பழைய புல்லட் 350: காஸ்ட் அயர்னா, ஏவிஎல்லா, யுசிஇயா?

செகண்ட் ஹேண்ட் ராயல் என்ஃபீல்ட் புல்லட் பார்க்கப் போகிறவர்கள் எந்த வருஷம், எத்தனை ஓனர், என்ன விலை என்று கேட்கிறார்கள். எந்த இன்ஜின் என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதுதான். டேங்கில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது மூன்று வேறு வேறு இயந்திரங்கள். மூன்றும் தேய்கிற இடம் வேறு, கேட்கிற கவனிப்பு வேறு, தருகிற ஓட்டமும் வேறு.

சென்னையில் 1955 முதல் தயாராகி, சின்னச் சின்ன மாற்றங்களோடு 2010 வாக்கு வரை வந்தது காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்புப் பேரல் இன்ஜின். 2000 வாக்கில் மச்சிஸ்மோ மாடலிலும் பிறகு தண்டர்பேர்ட் மாடலிலும் வந்த லீன் பர்ன் (பெட்ரோல் குறைவான கலவையில் ஓடும்) அலுமினிய இன்ஜின் ஏவிஎல். ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவானதால் அந்தப் பெயர். 2008-இல் தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க்கில் தொடங்கி, 2009-இல் கிளாசிக்கில் வந்து, புல்லட்டில் 2023 வரை நீடித்தது யுசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின்). 2021-க்குப் பிந்தைய கிளாசிக்கில் இருக்கும் ஜே சீரிஸ் 349 சிசி இன்ஜின் இந்த ஒப்பீட்டில் சேராது. அது அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் வைத்த, முற்றிலும் வேறு தலைமுறை.

அடையாளம் காண்பது எளிது. இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூடாக இருந்தால் யுசிஇ. இரண்டும் தனித்தனிப் பெட்டிகளாகத் தெரிந்தால் காஸ்ட் அயர்ன் அல்லது ஏவிஎல். இந்த இரண்டில் எது என்று தெரிய, ஒரு சின்னக் காந்தத்தை சிலிண்டர் பேரலின் ஃபின்னில் (சூட்டை வெளியேற்றும் தகட்டு விளிம்பில்) வையுங்கள். ஒட்டினால் காஸ்ட் அயர்ன், ஒட்டாவிட்டால் ஏவிஎல். கியர் எந்தக் காலில் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இடது கால் ஐந்து கியரோடு வந்த காஸ்ட் அயர்ன் எலக்ட்ரா மாடல்களும் உண்டு.

காஸ்ட் அயர்ன்

70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. திறன் 18 குதிரைசக்தி சொச்சம்தான், ஆனால் 32 நியூட்டன் மீட்டர் டார்க் 3000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது. டாப் கியரில் போட்டுவிட்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் திருப்பினாலும் இன்ஜின் சிணுங்காமல் இழுப்பது இதனால்தான். கனமான ஃப்ளைவீலும் சேர்ந்து தருகிற அந்த நிதானத் துடிப்பை மற்ற இரண்டும் முழுதாகத் தரவில்லை. இதை விரும்பி வாங்குவது நியாயமான ஆசை. ஆனால் 80 கி.மீ. வேகத்தில் மணிக்கணக்கில் விரட்டுவதற்கு இது சரியான வண்டி இல்லை.

பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடேற்றி வைத்த வண்டி பாதியை மறைத்துவிடும். சாவியைப் போட்டு, டிகம்ப்ரஸர் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்குங்கள். பாயின்ட் (ஸ்பார்க்கை உண்டாக்கும் சுவிட்ச்) மூடியிருக்கும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் ஏறக்குறைய உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு விரல்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, ஒரே நீண்ட உதையாக இறக்குங்கள். நல்ல இன்ஜின் இரண்டு மூன்று உதையில் எழும். இந்த முறையில் உதைத்தும் கிக்கர் திருப்பி அடித்தால் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) முன்னால் ஓடியிருக்கிறது.

ஓடும் சத்தத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஆறிய நிலையில் பிஸ்டன் தட்டுவது, சூடானதும் அடங்கினால் பயமில்லை. லேசான டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தமும் அப்படியே. ஆனால் ஏற்றத்தில் லோடு விழும்போது அடிவயிற்றிலிருந்து ‘டொக் டொக்’ என்று வந்தால் அது பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்து பேரிங். கிராங்கை இறக்கிப் பிரிக்க வேண்டிய வேலை அது. விலையில் அதைக் கழிக்கச் சம்மதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஐடிலில் ஓடும்போது ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் போதும். எண்ணெய் கசிந்து வர வேண்டும்.

கசிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டிக்கு வந்த கெட்ட பெயரில் பாதி இதனால்தான். “புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்” என்பது சரியில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க் கேஸில் காற்றழுத்தம் கூடுகிறது. அதை வெளியே விட்டு, உள்ளே திரும்ப விடாமல் தடுப்பது ப்ரீதரில் (இன்ஜின் மூச்சு விடும் குழாயில்) இருக்கும் வாத்து மூக்கு மாதிரியான சின்ன ரப்பர். அது இறுகிப்போனாலோ கிழிந்தாலோ அழுத்தம் வேறு வழி தேடும், ஒவ்வொரு கேஸ்கட் ஓரத்திலும் எண்ணெய் எட்டிப் பார்க்கும். கேஸ்கட்டை மூன்று தடவை மாற்றியும் நிற்காத கசிவு, அந்த ரப்பரை மாற்றினால் நிற்பது உண்டு.

இன்னொரு வழக்கமான தவறு: வண்டி பத்து நாள் நின்றிருக்கும். எண்ணெய் மெல்ல மெல்ல ஆயில் அறையிலிருந்து கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கில் குறைவாகக் காட்டுகிறதே என்று அரை லிட்டர் ஊற்றுவார்கள். ஓடத் தொடங்கியதும் அதிகப்படி எண்ணெய் ப்ரீதர் வழியாக வெளியே வரும். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அதன் பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். மொத்தக் கொள்ளளவு 2.25 லிட்டர், 20டபிள்யூ50 போதும். ஆயில் மாற்றும்போது டைமிங் கவரில் உள்ள துணி ஃபில்டரையும் மாற்றுங்கள். அதன் ஸ்பிரிங், வாஷர் வரிசையைக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் பிக் எண்டுக்கு எண்ணெய் போகாமல் போகலாம்.

வழக்கமான வேலைகளை வீட்டிலேயே செய்யலாம். டேப்பெட்: இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, கம்ப்ரஷன் உச்சியில் வைத்து, பேரல் அடியில் உள்ள கவரைத் திறந்து, புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது என்கிற அளவில் லாக் நட்டை இறுக்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் சூட்டில் வால்வு சரியாக உட்காராமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால். பாயின்ட் அடிக்கடி கருகினால் புதுப் பாயின்ட் வாங்கிக்கொண்டே இருக்காமல் பாயின்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரை மாற்றுங்கள். இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினின் ஆட்டம் நடுவில் சுமார் 6 மி.மீ. இருக்கலாம்.

பேரல் இரும்பு என்பதால் நல்ல லேத்தில் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். உதிரி பாகம் கிடைப்பது இன்றும் பெரிய சிரமமில்லை. சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. தரம்தான் சிக்கல். பாயின்ட், வால்வு, பிஸ்டன் ரிங் மூன்றிலும் மலிவு பார்க்க வேண்டாம்.

வலது கால் கியருக்குப் புதியவர்கள் முதல் சில வாரம் காலி ரோட்டில்தான் ஓட்ட வேண்டும். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. அவசரத்தில் பழைய பழக்கப்படி வலது காலை மிதித்தால் விழுவது பிரேக் இல்லை, கியர்.

ஏவிஎல்

கணக்குப்படி இது காஸ்ட் அயர்னைவிடச் சிறந்த இன்ஜின். பேரல் அலுமினியம், சூடு சீக்கிரம் வெளியேறும். பழைய பிளஞ்சர் பம்புக்குப் பதில் ரோட்டார் ஆயில் பம்ப், பிக் எண்டில் ரோலர் பேரிங், பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டினால் காஸ்ட் அயர்னைவிட அமைதியாகத் தாங்குகிறது.

ஆனால் உற்பத்தியில் இருந்த காலம் குறைவு, அதனால் அதற்கே உரிய பாகங்கள் அருகிவிட்டன. ஹெட், பேரல், இக்னிஷன் யூனிட் போன்றவற்றில் ஒன்று போனாலும் வண்டி வாரக்கணக்கில் நிற்கலாம். காஸ்ட் அயர்ன் பாகத்தைத் தேய்த்துப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கார்புரேட்டரின் டயஃப்ரம் ரப்பர் கிழிந்திருந்தால் ஐடில் சரியாக இருக்கும், ஆக்சிலரேட்டர் திருப்பினால் மூச்சு வாங்கும். இது சின்ன வேலை, இதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். பாகம் எல்லாம் முழுமையாக, இன்ஜின் பிரிக்கப்படாமல் இருந்தால் மட்டும் ஏவிஎல்லைப் பாருங்கள். பாதி பிரித்து மூட்டையில் கட்டிய ஏவிஎல்லை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாது.

யுசிஇ

தினமும் வேலைக்குப் போய்வர, வாரக் கடைசியில் 200 கி.மீ. போய்வர ஒரே வண்டி வேண்டும் என்பவருக்கு இதுதான், அதிலும் கார்புரேட்டர் மாடல். 19.8 குதிரைசக்தி, 28 நியூட்டன் மீட்டர் டார்க் 4000 ஆர்பிஎம்மில். காஸ்ட் அயர்ன்போல் அடியிலிருந்து இழுக்காது, கியரை ஒன்று குறைக்கச் சொல்லும். பதிலாக, ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றும் இல்லை. இரண்டு பிளக், இடது கால் ஐந்து கியர், எந்த ஊரிலும் பாகம், எந்த மெக்கானிக்குக்கும் பழக்கம். 2020 தொடக்கத்தில் வந்த பிஎஸ்6 மாடலில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. ஓட்டம் சீராக இருக்கும். பேட்டரி முழுதாக இறங்கினால் பெட்ரோல் பம்ப் ஓடாது, கிக்கரும் உதவாது.

இதில் முதலில் சோதிக்க வேண்டியது செல்ஃப் ஸ்டார்ட். பட்டனை அழுத்தினால் மோட்டார் ‘கிர்ர்’ என்று சுற்றுகிறது, இன்ஜின் சுற்றவில்லை என்றால் மோட்டாரின் சுற்றை இன்ஜினுக்கு ஒரே பக்கமாகக் கொடுக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் போயிருக்கிறது. இடது கவரைத் திறந்து, ரோட்டாரைப் புல்லர் போட்டு இழுத்துத்தான் மாற்ற முடியும். அது கெட்டுப்போக முக்கியக் காரணம் பலவீனமான பேட்டரி. மோட்டார் கம்ப்ரஷனைத் தாண்ட முடியாமல் இன்ஜின் பின்னோக்கி உதைக்கும்போது ஸ்ப்ராக்கின் பற்றுக்கட்டைகள் அடிவாங்குகின்றன. ஆகவே மல்டிமீட்டர் கொண்டு போங்கள். நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும்.

ஆறிய இன்ஜினில் முதல் சில வினாடி டேப்பெட் டிக் டிக் என்பது இயல்பு. சூடான பிறகும் நிற்காவிட்டால் அழுக்கு எண்ணெய், தவறான கிரேடு, அடைத்த ஃபில்டர் அல்லது தேய்ந்த லிஃப்டர் (ஹைட்ராலிக் டேப்பெட்). 15டபிள்யூ50 மட்டும் ஊற்றுங்கள். ஆயில் மாற்றத்துக்கு சுமார் 2 லிட்டர் வாங்கி வைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினின் வலது பக்கத்தில் உள்ள ஆயில் அளவுக் கண்ணாடியைப் பார்த்து அளவை முடியுங்கள். ஃபில்டர் மூடி போல்ட்டுகளை வேகமாக முறுக்கி அலுமினியத் திரெட்டை உரித்து வைத்திருப்பார்கள்; அந்த இடத்தில் பேஸ்ட் பூசியிருந்தால் அதுதான் காரணம்.

மூன்றுக்கும் பொதுவாக: நடு ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரம் தரையில் படாமல் ஹேண்டில் பாரை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் தடுக்கினால் ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட் போய்விட்டது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷின் நிலை தெரியும். வளைவில் பின்பக்கம் அலைவதற்கு டயரைக் குறை சொல்வதற்கு முன் அதையும் ஸ்போக்குகளையும் பாருங்கள்.

மாற்றங்கள்

காஸ்ட் அயர்னில் உண்மையிலேயே பலன் தருவது மூன்று. பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட். ஹெட்லைட்டுக்கு ரிலே. முன் ஸ்பிராக்கெட்டை 16 பல்லிலிருந்து 17 ஆக்குவது: அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று சுமார் 6 சதவீதம் குறையும், ஏற்காடு மாதிரி மலைப்பாதையில் கொஞ்சம் சிரமப்படும். 500 சிசியின் 84 மி.மீ. பேரலை 350-இல் ஏற்றுவது வேறு கதை. கிராங்க் கேஸ் வாயைக் குடைய வேண்டும், ஆர்சியில் உள்ள சிசி பொய்யாகிவிடும்.

யுசிஇயில் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டதும் வேகம் கூடியதாகத் தோன்றும், கூடுவது சத்தம்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் போட்டால் கலவை மெலிந்து, சூடேறி, ஆக்சிலரேட்டரை விடும்போது டப் டப்பென்று வெடிக்கும். பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தைக்கும் அது கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஆர்சியில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரிஜினல் சைலன்சரையும் சேர்த்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

காகிதம்

காஸ்ட் அயர்னில் இதுதான் அதிகம் சிக்கும். பதிவாகி 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும், அது 5 ஆண்டுக்கு ஒருமுறை. பசுமை வரி பாக்கி இருக்கிறதா என்பதையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். கிராங்க் கேஸில் உள்ள இன்ஜின் எண்ணும் ஃபிரேமில் உள்ள சேசிஸ் எண்ணும் ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெயிண்ட் தடித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். எண் இருக்கும் இடம் மட்டும் அரம் போட்டு வழவழப்பாக இருந்தால் அந்த வண்டி வேண்டாம். படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் உள்ள ஓனரே கையெழுத்திட வேண்டும். லோன் இருந்தால் படிவம் 35, வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28. “ஓனர் வெளியூர், கையெழுத்து அப்புறம் வாங்கித் தருகிறேன்” என்றால் அட்வான்ஸையும் அப்புறமே கொடுங்கள்.