ஜெட்ஸ்டாரில் ஆஸ்திரேலியா: மலிவு எதுவரை?

சிட்னியிலிருந்து பெர்த்துக்கு வான்வழியே ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். விமானத்தில் போனாலும் ஐந்து மணி நேரம் ஆகும். பக்கத்து ஊர்கள் போல வரைபடத்தில் தெரியும் மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் இடையே ரயில் பதினொரு மணி நேரம் ஓடுகிறது. அடிலெய்டுக்கும் டார்வினுக்கும் இடையே ஓடும் ‘கான்’ ரயிலோ வசதி படைத்த சுற்றுலாப் பயணிகளுக்கானது. அதன் கட்டணத்தில் விமானத்தில் பல முறை போய் வந்துவிடலாம். ஆகவே பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரானாலும், விடுமுறைக்குப் போகும் இளைஞரானாலும், செலவைக் குறைத்து நாட்டைச் சுற்ற நினைப்பவர்கள் உள்நாட்டு விமானத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. கட்டணங்களைத் தேடும்போது பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் வந்து நிற்பது ஜெட்ஸ்டார்.

ஆஸ்திரேலியாவின் பெரிய விமான நிறுவனமான குவான்டஸுக்குச் சொந்தமான இந்த மலிவு விமான சேவை 2004இல் பறக்கத் தொடங்கியது. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் போன்ற பெருநகரங்களோடு கோல்ட் கோஸ்ட், கெயின்ஸ், ஹோபார்ட் ஆகிய சுற்றுலா ஊர்களுக்கும் இதில் போகலாம். இதன் வழித்தடங்களில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது சிட்னியிலிருந்து நேராக உளுருவுக்குச் செல்வதுதான். அந்தச் செம்பாறை ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அருகில் இருப்பதாக எண்ணி அங்கே சீட்டு எடுப்பவர்கள் பலர். இறங்கிய பிறகு சாலையில் இன்னும் 450 கிலோமீட்டர் போக வேண்டும். பாறைக்குப் பக்கத்திலேயே உள்ள ஏர்ஸ் ராக் விமான நிலையத்தில் இறங்கினால் அந்த வாடகைக் காரும் ஒரு முழுநாளும் மிச்சம்.

முதலில் திரையில் தெரியும் அடிப்படைக் கட்டணத்தில் அடங்குவது ஓர் இருக்கையும், கையில் எடுத்துச் செல்லும் 7 கிலோ சுமையும் மட்டுமே. பெட்டி, தோள்பை இரண்டையும் சேர்த்துத்தான் அந்த 7 கிலோ; ஏறுமிடத்தில் எடை பார்ப்பார்கள் என்றே எதிர்பார்த்துப் போவது நல்லது. சரக்கில் போடும் பெட்டி, விரும்பிய இருக்கை, உணவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனியே பணம் கட்ட வேண்டும். பெட்டிக்கான தொகையைச் சீட்டு எடுக்கும்போதே கட்டிவிட்டால் குறைவு, விமான நிலையத்தில் கட்டினால் கூடுதல். மாற்றுத்துணியோடு மட்டும் கிளம்புகிறவருக்கு இந்த ஏற்பாடு உண்மையிலேயே லாபம். ஆனால் ஊறுகாயும் பொடி வகைகளும் நிறைந்த பெரிய பெட்டியோடு மகள் வீட்டிலிருந்து மகன் வீட்டுக்குப் போகும் அம்மாவுக்குக் கணக்கு வேறு. குவான்டஸின் உள்நாட்டுச் சாதாரண வகுப்பில் 23 கிலோ பெட்டியும் சிற்றுண்டியும் கட்டணத்திலேயே அடங்கிவிடுகின்றன. வர்ஜின் ஆஸ்திரேலியாவில் மிகக் குறைந்த கட்டணத்துக்குப் பெட்டி கிடையாது. அடுத்த நிலைக் கட்டணத்தில் உண்டு. மூன்றையும் பெட்டியோடு சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தால், முதலில் தெரிந்த வித்தியாசம் பல நேரங்களில் கரைந்துபோய்விடும்.

போட்டியாளர்கள் பெருகினால் கட்டணம் இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. டைகர்ஏர் ஆஸ்திரேலியா 2020இல் மூடப்பட்டது. 2023 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய போன்சா மறு ஆண்டு ஏப்ரலிலேயே நின்றுபோனது. பெருநகரங்களுக்கிடையே ஜெட் விமானங்களை விட்டுப்பார்த்த ரெக்ஸ் 2024 ஜூலையில் அவற்றை நிறுத்தியது. குவான்டஸ் குழுமமும் வர்ஜினும் சந்தையை ஏறக்குறைய முழுவதுமாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் நிலையில், பயணியின் கையில் மிஞ்சியிருப்பது நாளையும் வழியையும் தேர்ந்தெடுக்கும் உரிமைதான். ஜனவரி, ஈஸ்டர் ஆகிய பள்ளி விடுமுறைக் காலங்களைத் தவிர்த்து, செவ்வாய், புதன் போன்ற வாரநடு நாள்களில் தேடினால் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். ஜெட்ஸ்டாரும் வர்ஜினும் அடிக்கடி அறிவிக்கும் சலுகை விற்பனைகளும் கைகொடுக்கும்.

வழியைத் திட்டமிடுவதில் கிடைக்கும் மிச்சம் இதைவிடப் பெரியது. சென்னையிலிருந்து போகிறவர்கள் பலரும் சிங்கப்பூர் வழியாகவே செல்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெர்த், டார்வின், கெயின்ஸ் ஆகிய ஊர்களுக்கும் பறக்கிறது என்பதால், மேற்கே பெர்த்தில் இறங்கி, சிட்னி வழியாக வடகிழக்கே போய், கெயின்ஸிலிருந்தே ஊர் திரும்பும்படி ஒரே சீட்டாக எடுக்க முடியும். இறங்கிய ஊருக்கே திரும்பி வருவதற்கான உள்நாட்டுப் பயணம் ஒன்று இதனால் அடியோடு மிச்சமாகிறது. ஆஸ்திரேலியாவின் தூரத்துக்கு அது சிறிய தொகையல்ல. மெல்பர்னுக்கு அப்பால் ஹோபார்ட் போன்ற ஊருக்கு உடனே தொடர்ந்து போகிறவர்கள், சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு இணைந்து இயங்கும் வர்ஜின் விமானத்தையும் அதே சீட்டில் சேர்த்துவிட்டால், பன்னாட்டுப் பயணத்துக்கான பெட்டி அளவே கடைசிவரை செல்லுபடியாகும்.

ஜெட்ஸ்டார் உள்நாட்டில் ஓட்டுபவை பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 வகை விமானங்கள். கால் நீட்ட இடம் குறைவு. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அது பொருட்டல்ல, பெர்த் வரை என்றால் முழங்கால் நினைவுபடுத்தும். அந்த நீண்ட வழிக்கு மட்டும், வித்தியாசம் சிறிதாக இருந்தால், நான் குவான்டஸையே எடுப்பேன். வீட்டிலிருந்து தண்ணீரும் புளியோதரையும் கொண்டுபோகலாம். திரவங்களுக்கான 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு அங்கே உள்நாட்டு விமானங்களுக்குக் கிடையாது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் செலவையும் சீட்டு விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மெல்பர்னில் விமான நிலையத்துக்கு ரயில் இல்லை, ஸ்கைபஸ் என்னும் பேருந்துதான். சிட்னியில் ரயில் உண்டு. ஆனால் அந்த நிலையத்தைப் பயன்படுத்துவதற்கென்றே தனிக்கட்டணம் பிடிக்கிறார்கள். குடும்பமாகப் போனால் அது கணிசமாகிவிடும் என்பதால், 420 எண் பேருந்தில் மாஸ்காட் நிலையம் வரை போய் அங்கிருந்து ரயில் ஏறுவது உள்ளூர்க்காரர்கள் கையாளும் வழி.