பழகிய டாக்டரா, பெரிய டாக்டரா?

அப்பாவுக்கு முழங்கால் வலி என்று எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே பார்த்தார், தேய்மானம் என்றார், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். முழங்காலுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் அப்பா பிரஷருக்கு எனலாபிரிலும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் பல வருடமாகச் சாப்பிடுகிறார். எலும்பு டாக்டர் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வழக்கமான டாக்டரிடம் வேறு எதற்கோ போனபோது அந்தச் சீட்டையும் நீட்டினோம். பழைய ஃபைலைப் புரட்டி, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைத் தேடிப் பார்த்தார். "இந்த மூணும் சேர்ந்தா கிட்னி தாங்காது" என்று வலி மாத்திரையை அடித்துவிட்டு, தடவிக்கொள்ள ஜெல் எழுதினார்.

பழகிய டாக்டரின் பலம் அந்த ஃபைலில்தான் இருக்கிறது. நார்வேயில் ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் போனவர்களை, ஒரு வருடம் மட்டும் போனவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வில், நீண்ட நாள் பழகியவர்களிடம் மரணமும் மருத்துவமனை அனுமதியும் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. காரணம் பழக்கம் மட்டும்தானா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் லேசில் தள்ளக்கூடிய கணக்கில்லை.

அதற்காக ஸ்பெஷலிஸ்டை ஒதுக்கவும் முடியாது. மார்பில் கட்டி, மாதக்கணக்கில் இறங்காத சர்க்கரை என்று கேள்வி கூர்மையாக இருந்தால் அவரிடம்தான் போக வேண்டும். பழக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு: தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது. "உங்களுக்கு எப்பவும் இருக்கிறதுதானே" என்று டாக்டர் இரண்டாவது முறையும் சொன்னால் நான் வேறொருவரிடம் கேட்பேன். அதைச் சொன்னதும் முகம் சுளிக்கிறவர் நல்ல குடும்ப டாக்டர் இல்லை. நல்லவர் கடிதமே எழுதிக் கொடுப்பார். (வியர்வையோடு நெஞ்சு வலி, திடீரென ஒரு கை தளர்வது என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.)

பக்கத்து கிளினிக்கில் யார் இருக்கிறாரோ அவர் என்பது மூன்றாவது வழி. சளிக்கும் சிராய்ப்புக்கும் அது போதும்.

யாரிடம் போனாலும் நேரம் கொஞ்சம்தான். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984-இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதனால் முக்கியமானதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். நாமோ எழுந்து கதவு வரை போய், "அப்புறம் இன்னொண்ணு டாக்டர்..." என்று திரும்புவோம். மாத்திரைப் பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போவது மேல்.

நான் வழிக்கு வர ரொம்ப நாள் ஆனது, போடாத மாத்திரை விஷயத்தில். பெரிய டாக்டரிடம், "ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்றதற்கு ஆமாம் என்று தலையாட்டினேன், பாவம், அதை நம்பி டோஸை ஏற்றிவிட்டார். பழகிய டாக்டரிடம் அந்தப் பொய் வரவில்லை. இருமல் தாங்காமல் பிரஷர் மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிடுகிறேன் என்றேன். திட்டுவார் என்று பார்த்தால், "இந்த மாத்திரைக்கு வறட்டு இருமல் வரும், முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று வேறு மாத்திரை எழுதினார். இரண்டே வாரத்தில் இருமல் போய்விட்டது.