எஸ்டீம் இன்டேக் மேனிஃபோல்டை வீட்டிலேயே போர்ட் செய்து ஓட்டிய அனுபவம்

இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதிதான் இன்டேக் மேனிஃபோல்டு. மாருதி எஸ்டீம் காரில் அதன் உள்பாதையை வீட்டிலேயே ராவி (இதைத்தான் போர்ட்டிங் என்பார்கள்), அதே வண்டியைச் சென்னைக்குள்ளும் வெளியூருக்குமாக வருடக்கணக்கில் ஓட்டிவிட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “எத்தனை குதிரை ஏறுச்சு?” இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றிப் பார்க்கவில்லை, அதனால் எண் சொல்ல மாட்டேன். 4000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) மேலே இன்ஜின் முன்பைவிடத் தாராளமாக மூச்சு விடுகிறது. அதற்குக் கீழே எந்தக் குறையும் வரவில்லை. எனக்கு முக்கியமானது இந்த இரண்டாவது விஷயம்தான். போர்ட்டிங் செய்த பல வண்டிகள் கீழ் ஆர்பிஎம்மில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

என்னுடையது 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன் கொண்ட எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜின். மேனிஃபோல்டு வார்ப்பு அலுமினியம். வார்ப்பில் வரும் பாகம் என்பதால், மேனிஃபோல்டின் நான்கு வாய்களும் அது மாட்டப்படும் ஹெட்டின் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) நான்கு வாய்களும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்துவதில்லை. ஒரு சிலிண்டரில் மேல்பக்கம் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்றில் பக்கவாட்டில். கசிவைத் தடுக்க நடுவில் இருக்கும் பேக்கிங்கும் சில இடங்களில் உள்ளே எட்டிப்பார்க்கும். வேகமாக வரும் காற்று அந்தப் படியில் மோதிச் சுழலும். வீட்டில் செய்யக்கூடிய வேலை இந்தப் படியை எடுப்பதுதான். மற்றதையெல்லாம் கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வண்டியில் இருந்த மேனிஃபோல்டைத் தொடவில்லை. புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் விற்கும் கடையில் இன்னொன்று தேடினேன். “நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்கு தம்பி இது?” என்றார் கடைக்காரர். “ராவிப் பார்க்கப் போறேன்ணே, ஒரிஜினல் பத்திரமா இருக்கட்டும்” என்றதும், உள்ளே போய் ஸ்டட் (மாட்டும் போல்ட்) துளையெல்லாம் சுத்தமாக இருந்த ஒன்றை எடுத்து வந்தார். வாங்கும்போது நேரான இரும்பு ஸ்கேலை ஹெட்டோடு சேரும் முகத்தில் வைத்து, 0.1 மிமீ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது. லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து சமமாக்காமல் அதைப் போடக்கூடாது.

ராவுவதற்கான டை கிரைண்டரும், அதன் முனையில் மாட்டும் கார்பைடு பர்ரும் பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். அலுமினியத்துக்கென்று அகலமான பற்கள் உள்ள பர் தனியாக உண்டு, அதையே கேட்டு வாங்குங்கள். இரும்புக்கான நெருக்கமான பல் பர்ரில் அலுமினியம் உருகி அப்பிக்கொள்ளும். நல்ல பர்ரிலும் அவ்வப்போது மெழுகு தடவ வேண்டும், இல்லாவிட்டால் துளி மண்ணெண்ணெய். சாதாரண கிரைண்டிங் கல்லை அலுமினியத்தில் வைக்கவே வைக்காதீர்கள். கல்லின் துளைகள் அடைத்துச் சூடேறி உடைந்து சிதறக்கூடும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம் வேண்டும். சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும் என்பதால் நான் மொட்டை மாடியில், காலை வெயில் ஏறிய பிறகுதான் செய்தேன்.

புது பேக்கிங்கை முதலில் ஹெட்டில் வைத்து, வாய்க்கும் பேக்கிங்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மேனிஃபோல்டின் முகத்தில் மார்க்கிங் நீலம் பூசி, அதே பேக்கிங்கை ஸ்டட் துளைகளோடு பொருத்திக் கூரான கம்பியால் கோடு போட வேண்டும். பேக்கிங்கின் துளை பெரும்பாலும் ஹெட்டின் வாயைவிடப் பெரிதாக இருக்கும். அந்தக் கோடு வரை ராவினால் மேனிஃபோல்டு பெரிதாகி, ஹெட்டின் விளிம்பு காற்றுக்குக் குறுக்கே நிற்கும். எல்லை ஹெட்டின் வாய்தான். மேனிஃபோல்டின் வாய் அதைவிட ஒரு நூலிழை சிறிதாக இருந்தால் பரவாயில்லை, காற்று சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகிறது. மறுபடி பின்னோக்கி வரும் அலையையும் அந்தச் சின்னப் படி கொஞ்சம் தடுக்கும். வாயிலிருந்து உள்ளே மூன்று, நான்கு சென்டிமீட்டர் வரை சரிவாக இழுத்து விட்டால் போதும். அதற்கு மேல் கையும் எட்டாது, கண்ணும் எட்டாது. இந்த மேனிஃபோல்டில் கூலன்ட் பாதையும் ஓடுகிறது. சுவர் மெலிந்த பக்கம் எது என்று தெரியாமல் ஆழமாகப் போனால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும்.

பாதையை மொத்தமாகப் பெரிதாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு கணக்கு பாருங்கள். 32 மிமீ விட்டமுள்ள பாதையை 34 ஆக்கினால் பரப்பு சுமார் 13 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று போகும்போது அதன் வேகம் 11 சதவீதம் குறைகிறது. அண்ணா சாலையிலும் நூறடி ரோட்டிலும் நாம் ஓட்டுவது 1500 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள். அங்கே சிலிண்டரை நிரப்ப உதவுவது காற்றின் வேகம்தான். வேகத்தைக் கொடுத்துவிட்டு அளவை வாங்குவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிக்குச் சரி, வீட்டு வண்டிக்குச் சரியில்லை. கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவதும் வேண்டாம். 80 நம்பர் எம்ரியோடு நிறுத்தினேன். வழவழப்பான சுவரில் பெட்ரோல் படலமாக ஒட்டி வழியும், சற்றுச் சொரசொரப்பு இருந்தால் காற்றோடு நன்றாகக் கலக்கும்.

கழுவுவதில் சோம்பல் கூடவே கூடாது. மண்ணெண்ணெய், சோப்புத் தண்ணீர், ஏர் என்று ஒரு தூள்கூட இல்லாத வரை திரும்பத் திரும்பச் செய்தேன். மாட்டும் வேலையைத் தெரு முனை மெக்கானிக் அண்ணனோடு சேர்ந்து செய்தேன். பெட்ரோல் பிரஷரை இறக்கி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஒவ்வொரு வேக்குவம் ஹோசிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிய பிறகுதான் ஸ்பேனர் வைத்தோம். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவில், இரண்டு மூன்று தவணையாக முறுக்க வேண்டும்.

இத்தனை வருட ஓட்டத்தில் ஐட்லிங் நிலையாக இருக்கிறது. நகர மைலேஜில் மாற்றமே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி மூன்றாவது கியரில் லாரியை முந்தும்போது வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இந்த இன்ஜின் மேனிஃபோல்டின் உள் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடுகிறது, ஆக்சிஜன் சென்சார் சின்னச் சின்ன மாற்றங்களைச் சரிசெய்துகொள்கிறது. அதனால் ட்யூனிங் எதுவும் தேவைப்படவில்லை. புகைச் சோதனையில் இந்த வயது வண்டிக்கான கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதம், ஒவ்வொரு முறையும் அதற்கு நன்றாகக் கீழேதான் வருகிறது. பேக்கிங் கசிகிறதா என்று மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பார்ப்பேன். ஐட்லிங்கில் இணைப்பைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக அடித்தால், கசிவு இருக்கும் இடத்தில் ஆர்பிஎம் மாறும். ஆறியிருக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அது சூடேறும் முன்பே இதைச் செய்ய வேண்டும், அந்த ஸ்ப்ரே எளிதில் தீப்பிடிக்கும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிட்டேன்.

சென்னை வெயில் இந்த வேலையின் பலனை எவ்வளவு எளிதாக விழுங்கிவிடும் என்பதைக் கத்திரியில் கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போது உணரலாம். உள்ளே போகும் காற்று 35 டிகிரியிலிருந்து 65 ஆனால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். நான் ராவி எடுத்த லாபத்தைவிட அது பெரிய நஷ்டம். அதனால் வெளிக்காற்றை இழுக்கும் ஒரிஜினல் குழாயையும் ஃபில்டர் பெட்டியையும் மாற்றவே இல்லை. பானெட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டச் சொல்பவர்களிடம் நான் எப்போதும் சண்டை போடுவேன்.

வேலைக்கு ஆகும் செலவில் பாதி பர்ருக்கும் எம்ரி உருளைகளுக்கும்தான். வால்வு ஆயில் சீல் மாற்றவோ வேறு ஏதாவது வேலைக்கோ மேனிஃபோல்டு எப்படியும் வெளியே வரப்போகிறது என்றால், அப்போது சேர்த்துச் செய்யுங்கள். இதற்காக மட்டும் கழற்ற வேண்டியதில்லை. நைலான் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு உள்ள புது வண்டிகளில் இதைத் தொடாதீர்கள். அவை வார்ப்பிலேயே வழவழப்பாகவும் அளவாகவும் வருகின்றன, ராவ அங்கே ஒன்றும் இல்லை.