மூட்டு வலிக்கு ஊசி போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

18,000 ரூபாய். மஞ்சள் விற்ற காசு. போன வாரம் ஈரோட்டில் ஒரு மூட்டு வலி கிளினிக்கில் கட்டினேன்.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், கூடவே சர்க்கரை. அங்கிருந்த டாக்டர், "கோபிப் பக்கங்களா? எங்க மாமனார் ஊருங்க அது" என்று ஆரம்பித்தார். மாடு எத்தனை இருக்கிறது என்று விசாரித்தார். அம்மாவின் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். அதில்தான் விழுந்தோம். "நல்ல மனுசன், போட்டுக்கலாம் சாமி" என்றார் அம்மா. மூட்டுக்குள் எண்ணெய் விடுவது போல வெளிநாட்டு ஜெல், ஒரு வருசம் வலியே இருக்காது என்று சொல்லித்தான் அந்த 18,000 ரூபாயை வாங்கினார்கள். சர்க்கரை எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நர்ஸ் சின்னப் புட்டியைக் குலுக்கி உறிஞ்சினார். ஊசிக்குள் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஜெல் என்றால் தெளிவாக, கெட்டியாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வலி குறைந்தது உண்மை. ஆனால் மூன்றாம் நாள் அம்மாவுக்கு நாக்கு வறண்டு போனது, ராத்திரி ஏழெட்டுத் தடவை எழுந்தார். பார்த்தால் சர்க்கரை 412. மாத்திரைகளை ஒரு காலி மருந்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெட்டியை அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினேன். ஊசியில் போட்டது டிரையாம்சினலோன், ஸ்டீராய்டு என்றார். அது கெட்ட மருந்து இல்லையாம், எலும்பு டாக்டர்கள் போடுவதுதானாம். சில வாரம் வலி அடங்கும். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு கெடும், மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும். இவர்கள் அடுத்த மாதமே இரண்டாவது ஊசிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்! மருந்துக் கடையில் விலை கேட்டேன், ஐநூறு ரூபாய்கூட வரவில்லை.

போன் செய்தால், "டாக்டர் ஓபியில இருக்காருங்க." நேரில் போனால், "சனிக்கிழமை வாங்க." சனிக்கிழமை போனால், "அம்மா மாத்திரையை ஒழுங்காப் போடலீங்களா?" பில்லில் 'சிகிச்சை, 18,000' என்று மட்டும் இருக்கிறது, மருந்தின் பெயரே இல்லை.

ஊசி போடும் முன் மருந்துப் பெயரை எழுதி வாங்குங்கள். புட்டியைக் கேட்டுப் பாருங்கள், போட்டோ எடுங்கள். சர்க்கரை இருந்தால் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். போட்ட பிறகு மூட்டு சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது சீழ் பிடிப்பதாக இருக்கலாம்.

இன்று காலை அம்மாவுக்கு 268. மறுபடி போன் செய்தேன், எடுக்கவில்லை.